வாதி உயிரோடிருந்த வரை

ஐந்தரைக்கு எழுவேன். கரண்டு இருந்தால் முதலில் மோட்டார் போடுவேன். இல்லாவிட்டால் முந்தின நாள் பிடித்து வைத்த வாளித் தண்ணீரில் முகம் கழுவுவேன். ஆறரைக்குத் தெருவில் பட்டாணிக்காரி குரல் கொடுப்பாள். ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து கயிற்றை இறக்குவேன். நுனியில் இருக்கும் கிளிப்பில் அவள் பையை மாட்டுவாள். அவித்த பட்டாணி, தந்தூரில் சுட்ட ஒரு நம்பியா ரொட்டி. மேலே இழுத்துக்கொள்வேன். டீ போட்டுத் தின்றுவிட்டு ஏழரைக்கு என் மேசையில் உட்காருவேன்.

பன்னிரண்டுக்கு எழுந்து சோறு வைப்பேன். ஒரு மணிக்கு எதிர்ச் சுவரை ஒட்டிய மேசைக்குப் போவேன். அது அனுவின் மேசை. அவளுடைய லேப்டாப்பைத் திறந்து அவளுடைய வேலை எண்ணில் நுழைந்து, காலையில் நான் அடித்த அதே பக்கங்களை முதலிலிருந்து மறுபடி அடிப்பேன். பக்கத்துக்கு இரண்டு தப்பு விடுவேன்.

அனு என் மனைவி. ஜூலையில் இறந்துபோனாள். இது நவம்பர்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் ஆவணக் காப்பகம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே நீதிமன்றத்தில் வக்கீல்கள் எழுந்து நின்று கேட்டதையெல்லாம் குமாஸ்தாக்கள் தடித்த புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். மோஷன் புத்தகம் என்று பெயர். ஜப்தியை நீக்க வேண்டும், மறு விசாரணை வேண்டும், ஆற்றில் வெள்ளம், சாட்சி வரவில்லை, வாய்தா வேண்டும். எதிர்த்தரப்பு என்ன வாதாடியது, நீதிபதி என்ன சொன்னார். எல்லாம் இறகுப் பேனா எழுத்து. அந்தப் பக்கங்களின் படங்கள் எங்களுக்கு வரும். நாங்கள் அடித்துக் கொடுப்போம். நடுவில் சென்னையில் ஒரு கம்பெனி.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருவர் ஏ, இன்னொருவர் பி. ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். வேறுபடும் இடத்தை மட்டும் மூன்றாவது ஆள் பார்த்து முடிவு செய்வார். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்பதுதான் இதன் அடிப்படை.

நான் ஏ. அனு பி. புருஷன் பெண்டாட்டியை ஜோடியாகப் போட அவர்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. முதுகோடு முதுகாக உட்காருவோம், வேலை நேரத்தில் திரும்ப மாட்டோம் என்று அனு எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. என் நாற்காலி கொஞ்சம் கிறீச்சிட்டால் போதும்.

"கோ, திரும்புற சத்தம் கேக்குது."

என்னைக் கோ என்றுதான் கூப்பிடுவாள். இங்கே பர்மிய வீடுகளில் மனைவிகள் கூப்பிடுகிற மாதிரி.

"முதுகு வலிக்குது அனு."

"முதுகு வலிச்சா முன்னால வளை. பின்னால வளையாத."

புத்தகங்கள் காப்பகத்தின் இணையதளத்தில் ஏறும்போது ஒவ்வொன்றின் அடியிலும் அடித்தவர்கள் பெயர் வரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. முதல் புத்தகம் ஏறிய அன்று அதை அவள் போனில் திறந்து தெருவில் பாதிப் பேருக்குக் காட்டினாள். "விசா இல்லாம அமெரிக்காவுல பேரு போட்டாச்சு" என்றாள். பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்று திரும்பி வந்தவர்கள் அந்தத் தெருவில் நிறைய. யாரும் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். மொத்தம் பதினோரு புத்தகம் முடித்தோம்.

அவள் இறந்த பிறகு அந்த எண்ணை மூடச் சொல்லிக் கம்பெனிக்கு எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தேன். அவள் எண்ணில் அன்றைய பக்கங்கள் வந்து கிடந்தன. அடித்தேன். மறுநாளும் வந்தன.

சென்ற திங்கட்கிழமை ரேவதி கூப்பிட்டார். சென்னை ஆபீசில் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. நேரில் பார்த்ததில்லை.

"நரேஷ், எப்படி இருக்கீங்க? கரண்ட் இருக்கா?"

"இருக்குங்க. ஒரு மணிக்குப் போயிரும்."

"அப்ப சீக்கிரம் சொல்லிடறேன். அனு பக்கத்துல இருக்காங்களா?"

"வெளிய போயிருக்கு."

"எப்ப வருவாங்க?"

"தன்லியினுக்குப் போயிருக்கு. அம்மா வீடு."

"நாலு மாசமா ஒரு மெசேஜுக்கும் பதில் இல்ல. முன்னல்லாம் ஒரு நாளைக்கு மூணு தடவை எங்கூட சண்டைக்கு வருவாங்க. குமாஸ்தா குடிச்சிட்டு எழுதியிருக்கான், அவன் சம்பளத்த வெட்டுங்கன்னு." சிரித்தார். நான் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். "சரி. ஆடிட்ல உங்க ஜோடி மாட்டியிருக்கு. ஜூலை வரைக்கும் இந்த புராஜெக்ட்லயே பி-தான் ஃபர்ஸ்ட். உங்கள விடவே பெட்டர். அதுக்கப்புறம் பக்கத்துக்கு ரெண்டு தப்பு. கரெக்டா ரெண்டு. ஒண்ணு இல்ல, மூணு இல்ல. மனுஷங்க அப்படித் தப்புப் பண்ண மாட்டாங்க, நரேஷ்."

பி என்னைவிட மேல் என்பது எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தை நான் பார்த்ததில்லையே. கொஞ்சம் அவசரக்காரி, தப்பு விடுவாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இரண்டு.

"ரெண்டு நம்பரும் ஒரே ஆள்னு அமெரிக்காவுல முடிவு பண்ணிட்டாங்க. ஆரம்பத்துலேர்ந்தே."

"ஆரம்பத்துலேர்ந்து இல்லீங்க."

"அப்ப எப்பலேர்ந்து?"

எழுந்து போய் அனுவின் லேப்டாப்பை மூடினேன்.

"நரேஷ், ஜோடி பொய்னா பதினோரு புக்கும் போயிடும். வேற ஜோடிக்குக் குடுத்து முதல்லேர்ந்து அடிக்கச் சொல்லுவாங்க. சைட்லேர்ந்து ரெண்டு பேர் பேரையும் எடுத்துடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அனு எங்கிட்ட வீடியோல பேசட்டும். நான் பாத்துக்கறேன். பேசச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றேன்.

என் பெயர் போவதில் எனக்கு ஒன்றுமில்லை. அவள் அடித்த பக்கங்கள் மூவாயிரத்துக்கு மேல். அவை அவள் அடித்தவை.

அன்று மத்தியானம் அவள் மேசையில் உட்காரவில்லை. என் மேசையிலிருந்தபடி ஒன்பதாவது புத்தகத்தின் படங்களைத் திறந்தேன். ஒரு வழக்கைத் தேடினேன். மார்ச் மாதம் அடித்தது. இரண்டு பேரும் பக்கத்தை அனுப்பிய பிறகு சோற்றுத் தட்டோடு அதைப் பற்றிப் பேசியது நினைவிருந்தது.

ஹன்னா ப்ரைஸ் என்று ஒரு விதவை. புருஷன் வீட்டில் தனக்குச் சேர வேண்டிய மூன்றில் ஒரு பங்கைக் கேட்டுக் கொழுந்தன்மேல் வழக்குப் போட்டாள். இரண்டு தவணை நடந்தது. சாட்சிகள் வந்தார்கள். பிறகு அவள் இறந்துபோனாள். அவளுடைய வக்கீல் அதைக் கோர்ட்டில் சொல்லவில்லை. மூன்று தவணை அவள் பெயரில் எழுந்து நின்று வாய்தா கேட்டான், புது சாட்சிப் பட்டியல் கொடுத்தான். கொழுந்தனின் வக்கீலுக்கு விஷயம் எட்டியது. முதல் நாளிலிருந்து நடந்தது எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டும் என்று கோரிக்கை வைத்தான். வாதியே இல்லாத வழக்கு, மோசடி என்றான்.

"செத்தவ பேருல மூணு வாய்தா வாங்கியிருக்கான். கெட்டிக்காரன்" என்றாள் அனு அன்று, மீன் முள்ளை எடுத்தபடி. "மாட்டுனப்பறம் அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு குமாஸ்தா எழுதல பாரு. அதத்தான் எழுதியிருக்கணும்."

நீதிபதியின் உத்தரவு ஐந்து வரி. வாதி உயிரோடிருந்த வரை அவள் பெயரில் நடந்தவை செல்லும். இறந்த பிறகு அவள் பெயரில் நடந்தவை செல்லாது. வக்கீலைக் கண்டிக்கிறோம். அவள் இறந்த நாளையும் கடைசியாக அவள் செய்த காரியத்தையும் உடனிருந்தவர் யாராவது சத்தியம் செய்து பதிவில் சொல்ல வேண்டும். அதுவரை எதுவும் நீக்கப்படாது.

எழுந்து போய் அனுவின் லேப்டாப்பில் அவள் அடித்த அதே பக்கத்தைத் திறந்தேன். முதல் தடவையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் இரண்டு எழுத்து விட்டிருந்தேன். அவள் ஒன்றும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை ரேவதியைக் கூப்பிட்டேன்.

"அனு வந்துட்டாங்களா?"

"அனு எறந்துபோச்சுங்க. ஜூலை பதினெட்டு."

அந்தப் பக்கம் யாரோ பிரிண்டரில் காகிதம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"ஏன் சொல்லல?" என்றார். குரல் மாறியிருந்தது. "நான் இங்க அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து பதில் வரலன்னு கோவமா மெசேஜ் போட்டுட்டு இருந்திருக்கேன். ஒண்ணு ரெண்டா. ஏன் நரேஷ் சொல்லல?"

"தெரியலீங்க."

"அப்புறம் அடிச்சதெல்லாம் நீங்களா?"

"ஆமாங்க. அத எடுத்துருங்க. எம் பேரையும் எடுத்துருங்க. எம் நம்பரையும் மூடிருங்க. ஜூலை பதினேழு வரைக்கும் அது அடிச்சது மட்டும் நிக்கணும்." ஒன்பதாவது புத்தகத்தின் பக்க எண்ணைச் சொன்னேன். "அவங்க ஊரு சட்டத்துலயே அப்படித்தான் இருக்குங்க. அவங்க புஸ்தகம். அவங்களே படிச்சுப் பாக்கட்டும்."

ரேவதி அந்தப் பக்கத்தை அங்கேயே திறந்து படித்தார். நேரம் எடுத்தது.

"அனுப்பிப் பாக்கறேன்" என்றார்.

புதன்கிழமை பதில் வந்தது. ஒத்துக்கொண்டார்கள். இரண்டு கேட்டார்கள். ஒன்று, இறந்த நாளைக் காட்டும் சான்றிதழ். இன்னொன்று, என் கையெழுத்தோடு ஒரு வாக்குமூலம். பி எண்ணில் அவள் கடைசியாக அடித்த பக்கம் எது, எத்தனை மணிக்கு நிறுத்தினாள், அப்போது நான் எங்கே இருந்தேன், அவளுக்குப் பதிலாக நான் எப்போது உட்கார்ந்தேன். சர்வரின் பதிவை ரேவதி அனுப்பினார். இரண்டு எண்ணிலும் விசை தட்டிய நேரம் நிமிஷக் கணக்காக அதில் இருந்தது. அமெரிக்க நேரம். பத்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஜூலை பதினேழு. வியாழக்கிழமை. அனுவுக்கு டெங்கு, ஐந்தாவது நாள். அன்று காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. எழுந்து கஞ்சி குடித்தாள். குளித்தாள். பாக்கிப் பக்கங்களை முடித்துவிடுகிறேன் என்று உட்கார்ந்தாள். காய்ச்சல் விடுகிற நாள்தான் டெங்குவில் மோசமான நாள் என்று டாக்டர் பிறகு சொன்னார். எங்களுக்குத் தெரியாது.

நேரத்தைக் கூட்டிய பிறகு பதிவு இப்படி இருந்தது. பி, பக்கம் நூற்றுப் பதினெட்டு, ஒன்பதாவது வரி, கடைசி விசை 10.52. ஏ, 10.42 முதல் 11.01 வரை இல்லை. அது நான் கீழே போன நேரம். ஏ, 11.01 முதல் 12.40 வரை தொடர்ந்து.

அதாவது நான் வந்து உட்கார்ந்தபோது அவள் நிறுத்தி ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. கதவு என் மேசைப் பக்கம். அவள் முதுகைப் பார்த்தேன். நாற்காலியில்தான் இருந்தாள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. உட்கார்ந்தேன். ஒரு மணி முப்பத்தொன்பது நிமிஷம் அடித்தேன். அவள் பக்கத்திலிருந்து விசைச் சத்தம் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கடினமான வரியில் நிற்கிறாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

12.40க்கு என் கடைசிப் பக்கத்தை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். டாக்சி கிடைக்க இருபது நிமிஷம். ஆஸ்பத்திரியில் அவள் கண் திறக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

இதை ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை 12.40ஐ விட்டுவிட்டேன்.

சான்றிதழ் என்னிடம் இல்லை. அனுவின் பெயர் தன்லியினில் அவள் அம்மா வீட்டின் குடும்பப் பட்டியலிலேயே இருந்தது. வார்டு ஆபீசில் அந்தப் பெயரை நீக்குவதற்காக, அனுவின் அம்மாவான என் அத்தை சான்றிதழை வாங்கிப் போயிருந்தார். பத்தே நாளில் அந்த வேலையை முடித்தும்விட்டார். வியாழக்கிழமை காலையில் பஸ் ஏறினேன். ஆற்றுப் பாலத்தில் லாரிகள் நின்றன. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அத்தை பெயர் தனபாக்கியம். மார்க்கெட்டுக்குப் பின்னால் வீடு. வாசலில் பக்கத்து வீட்டு நீலாம்பாளோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. சொல்லாம கொள்ளாம. என்னா இது, பாதியா போயிட்டீங்க? ஆக்கித் திங்கறீங்களா இல்லையா?"

"திங்கறேன் அத்தை."

"எங்க திங்கறது. ரொட்டியத் தின்னுட்டு கம்பியூட்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க" என்றார் நீலாம்பாள். பிறகு குரலை இறக்கி, "மனசத் தேத்திக்கங்க தம்பி. மகராசி நல்ல சாவு. உசிரு போறப்ப பெத்தவளத்தான கூப்புட்டிருக்கு. அம்மான்னு. எத்தன பேருக்கு அது வாய்க்கும்?"

அத்தை கீரையைப் பார்த்தபடி தலையாட்டினார். அது நான் சொன்னது. ஆஸ்பத்திரி வாசலில் அத்தை என் சட்டையைப் பிடித்து, எம் புள்ள கடைசியா என்னா சொல்லுச்சு என்று கேட்டபோது சொன்னது. ராத்திரி திடீரென்று முடியாமல் போயிற்று, உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன், அம்மா என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அத்தை அதை எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

நீலாம்பாள் போன பிறகு சான்றிதழ் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். அனு அடித்ததையெல்லாம் அழிக்கப் போகிறார்கள், இதை அனுப்பினால் அழிக்க மாட்டார்கள் என்றேன்.

"அந்த அமெரிக்காக் கோர்ட்டுப் புஸ்தகமா? அது பேரு வருமே, அதா?"

"அதுதான்."

அலமாரியைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். நீட்டினார். என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அது என்னா காயிதம்?"

"நான் எழுதிக் குடுக்கறது. அன்னிக்கு நடந்தது."

"படிங்க."

"இங்கிலீசுல இருக்கு அத்தை."

"தமிழ்ல சொல்லுங்க. எம் பொண்ணு செத்தத அமெரிக்காக்காரனுக்கு எழுதறீங்க. எனக்குச் சொல்ல மாட்டீங்களா?"

படித்தேன். ஒரு வரி படித்து ஒரு வரி சொன்னேன். பத்து ஐம்பத்திரண்டைச் சொன்னேன். பதினொன்று ஒன்றைச் சொன்னேன். சத்தம் வராததைச் சொன்னேன். பன்னிரண்டு நாற்பதைச் சொல்லும்போது அத்தை உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பகலா?" என்றார்.

"பகல்தான்."

"ராத்திரின்னீங்க."

"பொய் சொன்னேன்."

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்க."

"நாலடி."

"திரும்பல."

"திரும்பல அத்தை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"அப்ப அது அம்மான்னு கூப்புடல."

"இல்ல. நான் மேல வந்தப்பறம் அது பேசவே இல்ல."

"நீங்க கீழ போறதுக்கு முன்னால?"

"பேசுச்சு. சாதாரணமா."

"அந்தக் காயிதத்துல அது இருக்கா?"

"அவங்க கேக்கல. எழுதல."

"நான் கேக்கறேன்" என்றார். உறையை எடுத்து எனக்கும் அவருக்கும் நடுவில் பாயில் வைத்தார். "இந்தா இருக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க, எம் பொண்ணு பேரு அங்க நிக்கட்டும். ஆனா அது சொன்னதச் சொல்லிட்டு எடுங்க. அழகு பண்ணாதீங்க. அது வாயில வந்தத அப்படியே சொல்லுங்க."

சொன்னேன்.

"காய்ச்சல் விட்டுருச்சு கோ. நாலு பக்கந்தான் பாக்கி. கீழ தண்ணி வண்டி நிக்குது பாரு, நீ போயி பாட்டில எடுத்துட்டு வா."